எலுமிச்சம்பழத்துக்குள் போன நோட்டு

அன்று அந்தக் கம்பெனி வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்த முதலாளி, அவருடைய மனைவி. மேஜிக் ஷோவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்த ஹெச்.ஆர். மேடம். பூசை செய்ய வந்த ஐயர். இரண்டு சூப்பர்வைசர்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் மெஷின் ஆட்கள், அறுபது பேர் இருக்கும். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றிருந்த ஹவுஸ்கீப்பிங் பெண்கள் நான்கு பேர். கேட்டில் செக்யூரிட்டி. லாரியில் சரக்கு ஏற்றுகிற மேடையைத்தான் ஸ்டேஜ் ஆக்கியிருந்தார்கள்; அதன் மேல் நான், என் மனைவி, கூண்டுக்குள் ஒரு புறா. பஸ் டிரைவர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஆட்களைக் கூட்டிவரப் போனவர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாராம்.

மேடை ஏறியதும் ஆட்களை எண்ணுவது என் வழக்கம். பயந்தான் காரணம். முன்வரிசையில் யார் முறைக்கிறார்கள், எந்தப் பக்கம் எழுந்து ஓடலாம் என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டால்தான் வாயைத் திறக்க வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஹெல்பராக இருந்தபோதும் இப்படித்தான். மெஷினை நிறுத்திவிட்டேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவேன். அந்த வேலையை விட்டு மேஜிக் ஷோவுக்கு வந்ததே ஒரு அதிசயம். "பயப்படுற ஆளு பண்ற வேலையா இது?" என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அவள் பயப்பட மாட்டாள். அதனால்தான் இத்தனை வருஷம் ஓடியது.

ஓசூரில் எங்களுக்கு ஆயுத பூஜைதான் சீசன். கம்பெனிக்குக் கம்பெனி பூசை, பொரி கடலை, பிரியாணி, நடுவில் ஒரு மணி நேரம் ஷோ. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து பேசுவேன். எதிலும் முழுசாகப் பேச வராது என்பதால் சிரிப்பு நன்றாக வரும். விபத்துகளுக்கும் குறைவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு ரிசப்ஷனில் புறா பறந்துபோய் மாப்பிள்ளை தலைப்பாகையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. பர்கூரில் ஒரு கிரானைட் பட்டறைத் திறப்பு விழாவில் அடித்த காற்றில் என் கைக்குட்டைகள் எல்லாம் ஹைவேயைத் தாண்டிப் போயின. இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இந்த ஒன்றைச் சொல்லித்தான் சிரிக்க முடியவில்லை.

நான் செய்கிற கடைசி ஐட்டம் நோட்டு வித்தை. கூட்டத்தில் ஒருவரிடம் ரூபாய் நோட்டை வாங்கி, அதில் அவரையே ஓர் அடையாளம் போடச் சொல்வேன். மடித்துக் கொளுத்துவேன். சாம்பலை ஊதிவிட்டு ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்தால், உள்ளே அதே நோட்டு, அதே அடையாளத்தோடு இருக்கும். ரகசியம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் கொளுத்துவது வெறும் காகிதம். நிஜ நோட்டைக் கை மாற்றி மனைவியிடம் கொடுத்துவிடுவேன். நான் வாயடித்துக்கொண்டிருக்கும்போது அவள் அதைச் சுருட்டி, காம்புப் பக்கம் முன்பே துளை போட்டு வைத்த பழத்துக்குள் நுழைத்துவிடுவாள்.

எப்போதும் அந்தப் பழம் எங்கள் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் இருக்கும். அன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு கவலை வந்தது. எல்லாம் மெஷின் ஆட்கள், நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள். சொந்தப் பழம் என்றால் சந்தேகப்படுவார்களே என்று. பூசை முடிந்து ஐயரின் தட்டு மேடை ஓரத்தில் அப்படியே இருந்தது. அதில் ஆறேழு எலுமிச்சம்பழம்.

"நோட்டு போட்டதும் நம்ம பழத்த அந்தத் தட்டுல வெச்சிடு. சாமி பழத்துலருந்து நோட்டு வந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றேன்.

"கலந்துடும்ங்க."

"அடியில ஒரு வெத்தல வெச்சிடு. அடையாளம் தெரியும்."

"காலைலருந்து அந்தப் பழத்த அஞ்சு வாட்டி எடுத்துப் பாத்துட்டீங்க. அதுக்கே பயம் வந்திருக்கும்" என்றாள். ஆனாலும் நான் சொன்னபடியே செய்தாள்.

ஷோ நன்றாகத்தான் போனது. கடைசியில் நோட்டு கேட்டேன். யாரிடமும் இல்லை. இப்போதெல்லாம் இது ஒரு தொல்லை. எல்லோரும் செல்ஃபோனைத்தான் நீட்டுகிறார்கள். முதலாளி பாக்கெட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "ஸ்கேனர் இருக்கா மேஜிக்காரரே? அனுப்பி வுடறோம், கொளுத்துங்க" என்று ஒருவன் கத்த, கூட்டம் குலுங்கியது.

அப்போதுதான் சூப்பர்வைசர் ஒருவர் பின்னால் திரும்பி, சுவரோரம் நின்ற பெண்களைக் காட்டினார். "அவங்களுக்குத்தான் இன்னைக்கு போனஸ கையில குடுத்தோம். ஏம்மா, ஒரு நோட்டு குடும்மா."

நாலு பேரில் கடைசியாக நின்ற அம்மாவை மற்றவர்கள் முன்னால் தள்ளிவிட்டார்கள். நாற்பது வயசு இருக்கும். நீல யூனிஃபார்ம் கோட்டுக்குள் புதுச் சேலை. கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நான் ஊருக்கு எடுத்துக்கினு போற காசுண்ணா. மூணே நோட்டுதான். எவ்ளோன்னு வூட்டுல சொல்லிட்டேன்."

"திருப்பிக் குடுத்துருவாரு, குடுக்கா" என்று பக்கத்தில் இருந்த பெண் முழங்கையால் இடித்தாள்.

"மேஜிக்காரர நம்பலாமா?"

"என்னை நம்ப வேணாம்மா, சாமி பழத்த நம்புங்க" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஓர் ஐநூறு ரூபாய் நோட்டை உருவிக் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத வராது என்று மெதுவாகச் சொன்னார். மனைவி சட்டென்று தட்டிலிருந்து குங்குமத்தை நீட்டினாள். அதைத் தொட்டு நோட்டின் ஓரத்தில் கட்டை விரலை அழுத்தினார். நல்ல சிவப்பாகப் பதிந்தது.

நோட்டு கை மாறியது. பழத்துக்குள் போனது. பழம் வெற்றிலை மேல் உட்கார்ந்தது. நான் காகிதத்தைக் கொளுத்தினேன். அந்த அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் உள்ளே வந்தது.

பூசை முடிந்துவிட்டது தெரிந்ததும் டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. மற்ற வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று, தன் பஸ்ஸுக்கு மட்டும் இல்லை. ஐயரிடம் போய் நின்றார். ஐயர் மேடைக்கு வந்து தட்டிலிருந்து நாலு பழத்தை எடுத்துக் கொடுத்தார். நாலு பக்கமும் சக்கரத்துக்கு ஒன்று. சாம்பல் கையோடு நான் பார்க்கிறேன்: தட்டில் மிச்சப் பழங்கள் இருக்கின்றன, வெற்றிலை மேல் மட்டும் பழம் இல்லை.

வாய் என்னவோ பேசிக்கொண்டே இருந்தது. கண்ணை மட்டும் மனைவிக்குக் காட்டினேன். அவள் ஜிகினா பாவாடையோடு மேடையிலிருந்து குதித்து ஓடினாள். இதுவும் ஷோ என்று நினைத்து ஜனங்கள் விசில் அடித்தார்கள். டிரைவர் சூடத்தைச் சுற்றிவிட்டு ஏறி உட்கார்ந்திருந்தார். "நில்லுங்க, நில்லுங்க" என்று கதவைத் தட்டினாள். அவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கும்பிட்டு, ஹார்னை நீளமாக அடித்து, வண்டியை எடுத்தார். பழம் நசுங்குகிற சத்தம் எனக்கு மேடை வரை கேட்டது. நிஜமாகக் கேட்டதா, எனக்குத் தோன்றியதா, தெரியாது. பஸ் அப்படியே வளைந்து, மிச்ச ஆட்களைக் கூட்டிவர கேட்டுக்கு வெளியே போய்விட்டது.

மனைவி குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டு வந்தாள். மேடை ஏறி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி உள்ளங்கையைத் திறந்தாள். ஈரமான ஒரு துண்டு, நகத்தளவு. அதில் பாதி குங்குமம். மிச்சம் டயரோடு போய்விட்டது.

"பழத்த அறுங்க சார், பிரியாணி ஆறுது" என்றார் ஹெச்.ஆர். மேடம்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் ஏறிவிட்டது, தோற்றுவிட்டேன், சாப்பாடு முடிந்ததும் பணம் தருகிறேன் என்று. இரண்டு நிமிஷம் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் முன்வரிசையில் முதலாளி இருந்தார். அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்களே, இந்த வருஷக் காசையே குறைப்பார்களே என்று எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. வித்தை சொதப்பினால் தப்பிக்கச் சில வசனங்கள் வைத்திருப்போம். அதில் ஒன்று தானாக வாயில் வந்தது.

"சாமி பழத்துல இருக்க வேண்டிய நோட்டு இப்ப இங்க இல்ல! இந்த அம்மா போறதுக்கு முன்னாடியே அவங்க வூட்டுல போயி உக்காந்திருக்கும்!"

அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். கைதட்டல் அடங்கியதும் அந்த அம்மா கேட்டார்:

"எந்த வூட்டுலண்ணா? இங்க ரூம்லயா, ஊருலயா?"

கூட்டம் மறுபடி சிரித்தது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஓசூரில் நாலைந்து பெண்களோடு ஒரு ரூமில் இருந்தார். ஊத்தங்கரை தாண்டிக் கல்லாவிப் பக்கம் ஊரில் வீட்டுக்காரர் இருந்தார். எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தூரமாக இருந்தால் நேரம் கிடைக்கும் என்று நினைத்தோ என்னவோ, நான் "ஊருலதாம்மா" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் பணத்தைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. எங்கள் இரண்டு பேரிடமும் சில்லறைதான் இருந்தது. ஜங்ஷன் வரை ஸ்கூட்டரில் போனேன். ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. ஒரு மளிகைக் கடையில் ஃபோனில் அனுப்பி, கெஞ்சி, ஐநூறாக வாங்கிக்கொண்டு திரும்பினால், ஹவுஸ்கீப்பிங் பெண்களை அவர்கள் கான்ட்ராக்டரின் வேன் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

"இப்பத்தான் சார். நேரா பஸ் ஸ்டாண்டு. லீவு ஆச்சே, ஊருக்குப் போறாங்க" என்றார் செக்யூரிட்டி. பஸ் ஸ்டாண்டுக்கும் போனேன். பண்டிகைக் கூட்டத்தில் ஊத்தங்கரை பஸ்ஸின் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

லீவு முடிந்து கம்பெனிக்குப் போனபோது அந்த அம்மா வேலைக்கு வரவில்லை. அவரை முழங்கையால் இடித்த பெண்தான் வெளியே வந்து பேசினாள்.

"ஏண்ணா இப்பிடிப் பண்ணீங்க? அரிசி டிரம்முல தேடுச்சாம், ட்ரங்குப் பொட்டில தேடுச்சாம், சாமி படத்துக்குப் பின்னாடி தேடுச்சாம். வூட்டுக்காரரு என்னா தேடறன்னு கேட்டிருக்காரு. மேஜிக்காரரு நோட்ட வூட்டுக்கு அனுப்பியிருக்காருன்னு சொல்லியிருக்குது."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னா சொல்லுவாரு? மொதல்ல சிரிச்சாராம். அப்பறம் ஐநூற யாருக்குக் குடுத்தன்னு கேட்டாராம்."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. "உக்காந்து பொலம்பினா ஆச்சா? போயி சொல்லுங்க" என்றாள் மனைவி. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக பஸ் ஏறினோம். அந்தப் பெண் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் துவரைச் செடியை அடித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் அவர்தான். அந்த அம்மா இல்லை. அக்காவோடு பெங்களூர் பக்கம் வேலைக்குப் போயாயிற்று என்றார்.

முழுக் கதையையும் சொன்னேன்: தட்டு, வெற்றிலை, பஸ் டயர், எல்லாம். குங்குமத் துண்டை மனைவி காட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"ஐநூறு ரூவா குடுக்கறதுக்கு ஓசூர்லருந்து ரெண்டு பேரு பஸ் புடிச்சி வந்தீங்களாக்கும்?"

"நெஜமா நடந்ததுங்க. உங்க வூட்டம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

"அவ மேல தப்புன்னு நான் உங்ககிட்ட சொன்னனா?"

வித்தையைச் செய்து காட்டினால் நம்புவார் என்று ஒரு யோசனை தோன்றியது. பையில் பழம் இருந்தது. நான் கொண்டுபோன ஐநூறு ரூபாயில் அவரையே அடையாளம் போடச் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக அந்த ஐட்டம் வந்ததில்லை. பழத்தை அறுத்தேன். நோட்டு இருந்தது. அவர் அதை விரித்து, தான் போட்ட கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"நான் ஒங்க கையவே பாத்துக்கினு இருந்தேன். ஒன்னும் தெரியல. இவ்ளோ நல்லா ஏமாத்தத் தெரிஞ்ச ஆளு சொல்றத நான் என்னான்னு நம்பறது?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டை என் சட்டைப் பாக்கெட்டிலேயே வைத்தார்.

"கடன் பட்டது அவகிட்ட. அவ கையில குடுங்க. எனக்கு என்னாத்துக்கு?"

ஃபோன் நம்பர் கேட்டோம். மாற்றிவிட்டாள் என்றார். நிஜமோ என்னவோ. திரும்பி வருகிற பஸ்ஸில் ஊத்தங்கரை தாண்டியதும் மனைவி, "ரூம்லன்னு சொல்லியிருக்கலாம். ரூமுக்குன்னா அன்னிக்கே போயிருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

இப்போதும் ஷோ செய்கிறோம். நோட்டு வித்தை செய்வதில்லை. கேட்கிறவர்களிடம், இப்போது யாரிடமும் நோட்டு இல்லையே என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று பெங்களூர்ப் பக்கக் கம்பெனிகளில் கூப்பிட்டால் காசு குறைவாக இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். மேடை ஏறியதும் எண்ண ஆரம்பிப்பேன். முன்வரிசையை இப்போது பார்ப்பதில்லை. சுவரோரம் நிற்கிற பெண்களைத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.

இதுவரை கண்ணில் படவில்லை. அந்த அம்மாவுக்கு நான் தர வேண்டிய பாக்கி ஐநூறு ரூபாய்.