எண்ணெய் குடித்த வடை

சட்டியிலிருந்து இறங்கிய வடையை எடுத்துப் பெருவிரலால் லேசாக அழுத்திப் பார்க்கிறார் கிருஷ்ணராஜ். விரல் காய்ந்திருந்தால் வடை விற்பனைக் கூடைக்குப் போகும். விரல் பளபளத்தால் அடுப்போரத்திலிருக்கும் எவர்சில்வர் டப்பாவுக்குப் போகும். "இது எண்ணெ குடிச்சிருச்சு. இது எம் மகளுக்கு" என்கிறார், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. தேறாததை எல்லாம் பிள்ளைக்குக் கொடுக்கிறாரே என்று புதிதாகப் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். அதற்குச் சுளித்த முகமே தேவலை என்று தோன்றிவிடும்.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎல ஸ்டேஷனில் கூடையோடு ஏறி எல்ல ஸ்டேஷன் வரை ரயிலில் உளுந்து வடை விற்பவர் அவர். குரல் ஒரு பெட்டியில் கிளம்பினால் மூன்றாவது பெட்டியில் தூங்குகிறவர் எழுந்து காசு தேடுவார். வெள்ளைக்காரப் பயணிகள் வடையைத் தாளில் ஒற்றி ஒற்றி எண்ணெய் எடுப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "சத்தெல்லாம் பேப்பருக்குப் போவுதுங்க, கண்ணால பாக்க முடியல" என்பார். அவர் கோச்சி என்று சொல்லும் அதே ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். ஆகையால் உலகத்தில் வீணாகும் எண்ணெய்க்கெல்லாம் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

மகள் தயானிக்குப் பத்து வயது. பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். உடம்பின் சளியும் சாறுகளும் பசை போலக் கெட்டிப்பட்டுப் போகிற நோய். மற்றவர்கள் நுரையீரலைப் பற்றிக் கேட்பார்கள். கிருஷ்ணராஜ் வயிற்றிலிருந்துதான் தொடங்குவார். "கணையம்னு ஒண்ணு இருக்குங்க. அதுல ஒரு சாறு சொரந்து எண்ணெயக் கரைக்கணும். எம் புள்ளைக்கு அந்தக் குழா அடைச்சுக்கிச்சு, நம்ம லயத்துப் பைப்பு மாதிரி. திங்கிறது ஒடம்புல ஒட்டாம அப்பிடியே போயிரும்." அதனால் எண்ணெய், பால், தேங்காய் எது உள்ளே போவதானாலும் முதல் வாய்ச் சோற்றோடு, அந்தச் சாற்றுக்குப் பதிலான மாத்திரை, குளிசையும் போக வேண்டும். குளிசை போனபின் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகவே கொழுப்பும், வியர்வையில் போய்விடுகிற உப்பும் சாப்பிட வேண்டும்.

வெறும் தேத்தண்ணிக்குக் குளிசை வேண்டாம், பால் விட்டால் வேண்டும். வாழைப்பழத்துக்கு வேண்டாம், தேங்காய் ரொட்டிக்குக் கட்டாயம் வேண்டும். டிக்கெட் பரிசோதகருக்குக்கூட இதெல்லாம் மனப்பாடம். காலை அறிக்கையும் உண்டு. ஒருநாள் நான் வடையைக் கடித்த நேரம் பார்த்துக் காதருகே குனிந்து, "இன்னைக்குப் பாத்தேன். மெதக்கல, மினுக்கல. தங்கமாப் போயிருக்கா" என்றார். எண்ணெய் செரிக்காவிட்டால் மலம் மினுமினுத்து மிதக்கும். எனக்கு இந்த ஞானம் எல்லாம் வடையோடுதான் கிடைத்தது.

அவர் குரல் இறங்குவது ஒரே விஷயத்தில்தான். நோய் இன்னதென்று தெரியாத காலத்தில் பிள்ளை வயிறு உப்பி, கையும் காலும் குச்சியாகிக் கிடந்தாள். மாந்தம் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒரே தீர்ப்பு. பக்கத்து வீட்டுப் பெரியாயி அத்தை பத்தியம் சொன்னார்: எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது, வெறும் கஞ்சி மட்டும். இவரும் மனைவி யசோதினியும் அதை அட்சரம் பிசகாமல் நடத்தினார்கள். பிள்ளை வடைக்கு அழுதால் கூடையைத் துணியால் மூடி வைத்தார்கள். எது அவளுக்கு வேண்டுமோ அதையே தேடித் தேடி நிறுத்தியிருக்கிறார்கள். "நாந்தாங்க புள்ளயப் பட்டினி போட்டவன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குச் சங்கடமாக இருக்கும். இல்லை என்று சொல்லத்தான் வாய் வரும், ஆனால் அவர் கேட்க மாட்டார்.

அந்தக் குற்ற உணர்ச்சி குரலோடு சேர்ந்துகொண்டதில்தான் வம்பு வந்தது. இரண்டு ரயிலுக்கு நடுவில், பள்ளி இடைவேளையில், கேட்டுக்கு வெளியே போய் நிற்பார். உள்ளே தயானி தோழிகளோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பாள். உடனே, "தயானீ! குளிசை போட்டியா?" வகுப்பறைகள், மைதானம், அதிபர் அறை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போய்விடும். அவள் தலையை ஆட்டுவாள். இவர் நிம்மதியாக ரயில் பிடிப்பார்.

போன பள்ளித் தவணையில் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி. காலை அறிக்கையிலும் தங்கம் காணாமல் போயிற்று. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால் எடை இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டிவரும் என்றார்கள். உணவு ஆலோசனை சொல்லும் றின்ஸா மிஸ், தகப்பனை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார். பிறகு இவரைக் கூப்பிட்டார்.

"ஸ்கூல்ல அவ குளிசை போடுறதே இல்ல. வெக்கமா இருக்காம். நீங்க கேட்டுல நின்னு கத்துறீங்களாமே?"

"கத்தலீங்க மிஸ். கேட்டேன்."

"எவ்வளவு சத்தமா?"

கிருஷ்ணராஜ் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "கோச்சியில வடே விக்கிற சத்தந்தாங்க."

அன்று ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. குளிசை டப்பா இனித் தயானியின் கையில். வீட்டுக்கு வந்ததும் தாய் டப்பாவைப் பார்க்கலாம். தகப்பன் நாலு பேருக்கு நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான். ஆனால் இவருக்கு அது ஒரு விரதமாகிப் போனது. "கேக்கக் கூடாதாங்க. தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி இருக்கு" என்று ரயிலில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லித் தீர்த்தார். ஒரு சாயங்காலம் குறுக்கு வழி பார்த்தாராம். "சாப்பாடு நல்லாச் செரிச்சுச்சாம்மா?" என்று மெல்லக் கேட்டதற்கு மகள், "அப்பா, அதுவும் அதே கேள்விதான்" என்றிருக்கிறாள். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சுற்றி வளைத்துக் கேட்டாலும் ஏமாறுகிற பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். பருப்புக்கு நெய் விடும் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார். அந்த வேலையை அவரிடம் கொடுத்தவர்கள் நெய் சீக்கிரம் தீரும் என்று யோசிக்கவில்லை. எதிர்ப் பந்தியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தயானி. அவளுடைய இடது கை மடியில் மூடியிருந்தது. பக்கத்தில் இருந்தவள், "என்னடி கையில?" என்றாள்.

"குளிசை. எனக்கு நெய் கரையணும்ல, அதுக்கு. நெய் வந்தோடன போடுவேன்" என்றாள் தயானி. மற்றவள், "ஓ" என்றுவிட்டு அப்பளம் எங்கே வருகிறது என்று பார்க்கப் போய்விட்டாள். இத்தனை நாள் வெட்கத்துக்கு அந்த ஒரு "ஓ"தான் முடிவு.

கிருஷ்ணராஜ் அப்போது வரிசையின் தொலைவில் இருந்தார். நெய்த் தூக்கோடு குனிந்து குனிந்து வந்து மகளின் இலை முன் நின்றார். ஒரு கரண்டி விட்டார். இன்னொன்றும் விட்டார். இலையை மேலும் கீழும் பார்த்தார், குளிசை இல்லை. மூடிய கை அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. எனக்குத் தெரிந்தது. சைகை காட்டலாமா என்று நினைத்தேன், ஒப்பந்தம் என்னுடையதல்ல என்று இருந்துவிட்டேன். மகள் நிமிரவில்லை. பின்னால் நின்றவர்கள், "நகருங்கண்ணே" என்றார்கள்.

கிருஷ்ணராஜின் வாய் திறந்தது. அந்த வாயின் ஆழம் தெரிந்த நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவர் சட்டென்று திரும்பி, பின்னால் அப்பளம் பரிமாறி வந்தவரின் தட்டிலிருந்து ஒரு முழு அப்பளத்தை எடுத்து, நொறுங்க நொறுங்க வாய்க்குள் திணித்துக்கொண்டு, அடுத்த இலைக்குக் குனிந்தார்.