காலி வண்டிக்கு அளவு எடுக்காதவர்

வண்டி ஓட்டும் என் கணவரை விட்டுவிட்டு அந்த மெக்கானிக் என்னை ஏன் கேட்டார்? இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் மினி லாரி எங்களுடையது. ஏற்றத்தில் கிளப்பும்போது பின்அச்சு முறுக்கிக்கொண்டு வண்டி குதிக்கும். மடியில் குழந்தையோடு நான் நடுங்குவேன். அச்சை அடக்க ஒரு கம்பி பொருத்தலாம் என்று கள்ளக்குறிச்சிப் பட்டறைக்குப் போய், வண்டி குதிப்பதையும் என் பயத்தையும் சொன்னோம்.

மெக்கானிக்குக் கிரீஸ் படிந்த லுங்கி, காதில் சாக்பீஸ். வருகிற வண்டிக்கெல்லாம் அடியில் படுத்துப் பார்க்கிறவர், எங்கள் வண்டிக்குப் படுக்கவில்லை.

"காலி வண்டிக்கு அளவு எடுக்க மாட்டேன். கெழங்கு ஏத்திக்கினு வாங்க."

"பக்கத்துல பத்து நிமிஷத்துல வெல்டு வெச்சித் தராங்கண்ணே," என்றார் கணவர்.

"அங்கயே போங்க. பாரம் ஏறினா ஸ்பிரிங் பட்டை எறங்கும், கம்பி புட்டுக்கும். அப்பறம் இங்க வராதீங்க."

மறுநாள் மூட்டைகளோடு போனோம். படுத்துப் பார்த்து எழுந்தவர் என்னிடம் திரும்பினார்.

"குட்டைக் கம்பி கல்லுல இடிக்காது, ஆனா குதிக்கிறது முழுசா நிக்காது. நீளக் கம்பி குதிக்க வுடாது, ஆனா கீழ தொங்கும். இன்னா போடட்டும்மா?"

"அதுக்கு இன்னா தெரியும்? ஓட்டுறவன் நானு," என்றார் கணவர்.

"பயந்துக்கினு உக்கார்றது அந்தப் பொண்ணுதானே?"

"நீளம்," என்றேன். மெக்கானிக் நீளக் கம்பியையே பொருத்தினார்.

வண்டி இப்போது குதிப்பதில்லை. ஆனால் போன வாரம், மழை அரித்த பாதையில் கம்பி கல்லில் உரசியது. கழற்றிவிடலாம் என்கிறார் கணவர்; விடமாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறேன். மலையில் நீளக் கம்பியோடு ஓட்டுகிறவர்கள், அது கல்லில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். கணவருக்குத் தெரியாமல் கேட்கிறேன்.