கறுப்புக் கரை இல்லாத மலர்

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர், இழவுக் கடதாசிக்கு உரிய கறுப்புக் கரை எங்கே என்று தேடக்கூடும். வேண்டாம் என்று சொன்னது நான்தான். காரணத்தைச் சொல்லாமல் எங்கள் அண்ணரைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அண்ணர் மயிலிட்டியில் பிறந்தவர். ஐயாவைக் கடல் கொண்டுபோனதும் படிப்பை விட்டு, யாழ்ப்பாணத்தில் அச்சுக்கோக்கப் பழகி எங்களை வளர்த்தார். பின்னர் ஊருக்கு வந்து, எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் சிறிய அச்சு இயந்திரத்தையும் மாதப் பத்திரிகையையும் பொறுப்பெடுத்தார். கறியில் உப்பில்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. கடதாசியை மட்டும் தடவிப் பார்த்தே மை ஊறுமா, நிற்குமா என்று சொல்லிவிடுவார்.

யுத்தம் வந்ததும் கொழும்பிலிருந்து வெள்ளைக் கடதாசி வருவது நின்றது. கோயிலில் மிஞ்சியது மரண அறிவித்தலுக்கென்று வாங்கிய கறுப்புக் கரைத் தாள் மட்டுமே. பத்திரிகையை நிறுத்துவோம் என்றார் பங்குச் சுவாமியார். அண்ணருக்கு மனம் வரவில்லை.

"கரையை வெட்டிப்போட்டு அடிக்கலாம் சுவாமி. கொஞ்சம் சின்னனாயிருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

அப்படியே பல மாதங்கள் நடந்தது. ஒருமுறை வெட்டும்போது தாள்கட்டு விலகி, அடியில் இருந்த சில தாள்களில் நூலளவு கறுப்பு நின்றுவிட்டது. எறிந்தால் வேறு தாள் இல்லை. அண்ணர் கண்டும் விட்டுவிட்டார். அந்தப் பத்திரிகையில் அயல் ஒழுங்கை றோசலினின் கலியாண அறிவித்தல் இருந்தது. கறுப்பு நின்ற தாளொன்று மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் தாயார் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்ரை பிள்ளைக்கு உதிலையோ தம்பி அடிச்சனீர்?"

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கலியாணம் நடந்தது. அந்த வாடைக்காற்றுக் காலத்திலேயே மாப்பிள்ளை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அதன்பின் அண்ணர் வேறு ஆளாகிவிட்டார். கலியாணங்களை இனி அச்சடிக்க வேண்டாம், பூசையில் வாசித்தால் போதும் என்று சுவாமியாரைக் கேட்டுக்கொண்டார். றோசலினின் ஒழுங்கையை விட்டுச் சுற்றுவழியாகக் கோயிலுக்குப் போனார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"நான் கண்டும் விட்டனான் பிள்ளை" என்பார்.

நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையாய்க் கிடந்த கடைசி நாட்களில் போர்வையின் கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருக்க எனக்குப் பயமாயிருந்தது.

அடக்கத்துக்கு மறுநாள் றோசலின் கஞ்சி கொண்டுவந்தாள். நான் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திகைத்துப்போனாள்.

"அண்டைக்குக் காத்து மாறினது அக்கா. கடதாசி என்ன செய்யும்? தாலியறுத்தவளிலை முழிக்கக்கூடாது எண்டுதான் அண்ணை எங்கடை ஒழுங்கையாலை வாறேல்லையாக்கும் எண்டு நினைச்சிருந்தன்."

அண்ணரைப் பார்த்த வைத்தியருக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், இறுதிப் பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு தந்த அயலவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. றோசலினுக்கு மட்டும் நன்றி என்று எழுதிவிட்டு முடிக்க எனக்கு மனமில்லை. தங்கச்சி, அண்ணர் உன்னை ஒதுக்கவில்லை. உனக்குப் பயந்துதான் சுற்றிப் போனார்.