ஜெபகுமாரி கொடுக்க வேண்டிய ரத்தம்

அரிசியில் கல் பொறுக்கும்போது அம்மா ஒரு சிட்டிகை அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போதுதான் அதை முதலில் கவனித்தேன். வருடம் போகப்போக அந்தச் சிட்டிகை வளர்ந்தது. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அது ஒரு கைப்பிடியாகியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போதும் சேலை முந்தானையில் கொஞ்சம் அரிசியை முடிந்துகொள்வாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து நறநறவென்று மெல்லுவாள்.

"கோழிக்கு வச்சிருக்கதயும் நீயே தின்னுதியேம்மா" என்று தம்பி எபின் கேலி செய்வான்.

"கோழி முட்ட போடுது. நான் ஒனக்குச் சோறு போடுதேன்லா? பேசாம தின்னுலே" என்பாள்.

நாங்கள் சிரிப்போம். அது அம்மாவின் ஆசை என்று நினைத்திருந்தோம். சிலருக்கு வெற்றிலை, அம்மாவுக்கு அரிசி.

நான் விலங்கியல் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். இரண்டாம் வருடத் தேர்வில் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறிகள் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. சோர்வு, மூச்சுவாங்கல், வெளுத்த நகம், மண்ணும் அரிசியும் ஐஸும் தின்னத் தோன்றும் ஆசை. ஒன்றையும் விடாமல் எழுதினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா அரிசி மென்றுகொண்டிருந்தாள். நானும் எபினோடு சேர்ந்து சிரித்தேன். எழுதியதும் பார்த்ததும் ஒன்றாகச் சேர என் தலைக்குள் ஏன் இடமில்லாமல் போயிற்று என்று இன்றும் யோசிக்கிறேன். புத்தகத்தில் வருகிறவர்கள் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அம்மாவின் பெயர் ஜெபகுமாரி. கருங்கலுக்குப் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீசில் வேலை. முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். அம்மாவுக்குத் தொலி எடுக்கும் வேலை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சின்னக் கத்தியால் பருப்பின் சிவந்த தோலை உடையாமல் நீக்க வேண்டும். அப்பா ஜான்ரோஸ் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அவருக்குச் சர்க்கரை வியாதி, தினமும் ஊசி போட வேண்டும். அவர் விடியுமுன் கிளம்புவதால் அம்மாவும் அவரோடு எழுந்துவிடுவாள். கட்டன் சாயா என்கிற பால் கலக்காத தேநீர், சோறு, குழம்பு, எபினுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம், கிணற்றுத் தண்ணீர், பிறகு எட்டு மணி பஸ். மாலை திரும்பி வந்தால் துணி துவைப்பு.

அவள் தளர்ந்து போயிருந்ததை நாங்கள் அறியாமல் இருந்தோம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவள் மறைத்தாள் என்பது மீதி. பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு ஒரு ஏற்றம் ஏற வேண்டும். பாதியில் நின்று, "ஏட்டி ஜாஸ்மி, அந்தப் பிலாவுல எத்தன சக்க கெடக்குன்னு எண்ணு" என்பாள். நான் பலாக்காய்களை எண்ணி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு திரும்பிவிடும். பதினேழு என்று சொன்னால், "போன வருசம் இருபது உண்டு" என்று நடக்கத் தொடங்குவாள். சக்கை இல்லாத மாதங்களில் தேங்காய்க் குலைகளை எண்ணச் சொல்வாள். பல வருடங்களாக எண்ணினேன். எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நான் கடைசி வருடம் படிக்கும்போது அண்டி ஆபீசுக்கு ஒரு நர்ஸ் வந்து எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்த்தார். பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ரத்த அளவு அம்மாவுக்கு ஏழு புள்ளி எட்டு. "பெரிய டாக்டரப் பாருங்க, இந்தச் சத்து மாத்திரையத் தினமும் போடுங்க" என்று சொல்லிப் பத்திய முறைகளும் சொன்னாராம். அறுபது பேர் நிற்கும் வரிசையில் அம்மா காதில் நின்றது "தினமும் போடுங்க" மட்டும்தான். டாக்டரைப் பார்க்க ஒருநாள் வேலையை விட வேண்டும், அதனால் போகவில்லை. மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டியது. ராத்திரி போடலாமென்றால் தட்டைக் கழுவி வைத்ததும் தூங்கிவிடுவாள்.

அப்போது யோசனை சொன்னது நான்தான். "பத்து மணிக்கு ஆபீசுல சாயா வரும்லா? அதுகூட போட்டுரும்மா. மறக்காது, கொமட்டவும் செய்யாது."

படித்த பிள்ளை சொன்னது என்று அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பொறுப்பை எடுத்துக்கொண்டவள் அஜிதா அக்கா. அம்மாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து தொலி எடுக்கிறவள், அம்மாவைவிட நான்கு வயது இளையவள். கடும் கறுப்புச் சாயா பெரிய பாத்திரத்தில் வந்ததும் அவள் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி நீட்டுவாள். அம்மாவோடு ஒருநாள் போயிருந்தபோது நானே பார்த்தேன்.

"எக்கா, நாக்க நீட்டு."

"நான் என்ன கொச்சுப் பிள்ளையா?"

"கொச்சுப் பிள்ளைன்னா துப்பினா தெரியும். நீ முந்தானைல முடிஞ்சு வச்சிட்டு விழுங்கியாச்சுன்னு சொல்லுவ. நீட்டு."

அம்மா நாக்கை நீட்டினாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மேலே ஒரு மடக்குச் சாயா. அப்படி எட்டு மாதம், வேலை நாளில் ஒன்றுகூடத் தவறாமல்.

அந்த எட்டு மாதத்தில் அம்மாவின் தட்டில் தொலி எடுத்த பருப்பு குறைந்துகொண்டே வந்ததாம். கூலிக்காக எடை போடும் நேரத்துக்கு முன் அஜிதா அக்கா தன் தட்டிலிருந்து இரண்டு கை அள்ளி அம்மா தட்டில் போட்டுவிடுவாளாம். அம்மா பார்த்தால் திட்டுவாள் என்று, அவள் முகம் கழுவப் போகும் நேரமாகப் பார்த்துச் செய்வாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

ஒரு புதன்கிழமை நாகர்கோவிலில் போட்டித் தேர்வு வகுப்பில் இருந்தேன். அஜிதா அக்கா போனில் கூப்பிட்டாள்.

"மக்ளே, பேடிக்காத. அம்ம எடை போட எழும்பும்போ அப்பிடியே சரிஞ்சிட்டா. இப்ப கண்ணு முழிச்சிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம். நீ வா, ஓடி வரண்டாம், பைய வா."

நான் ஓடித்தான் போனேன். ரத்த அளவு ஐந்து புள்ளி ஒன்பது. "இந்த அளவுல எப்படி வேலைக்குப் போனாங்க?" என்று டாக்டர் கேட்டார். அம்மாவிடம் கேட்டாரா எங்களிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. இரண்டு பாக்கெட் ரத்தம் உடனே ஏற்ற வேண்டும், முடிந்தால் அதற்கு ஈடாகக் கொடுக்க யாராவது வரட்டும் என்றார்கள்.

என் ரத்தத்தைக் கொடுக்கலாம் என்று முதல் ஆளாகப் போனேன். ரத்த வங்கியில் விரலில் குத்தி, நீலத் தண்ணீர் இருந்த குப்பியில் ஒரு சொட்டு விட்டார்கள். நல்ல ரத்தமென்றால் மூழ்கும். என்னுடையது மேலேயே நின்றது. "உனக்கும் கம்மிதான் பாப்பா, அங்க உக்காரு" என்றார் அங்கிருந்தவர். அம்மாவைக் கொண்டுவந்த அஜிதா அக்காவும், செய்தி கேட்டு அண்டி ஆபீசிலிருந்து வந்த மூன்று பெண்களும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள், ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அஜிதா அக்கா நல்ல உடம்புக்காரி. அவளுடைய சொட்டும் மூழ்கவில்லை.

"இந்த உடம்பு முழுக்க பின்ன என்னத்தயாக்கும் சொமந்துட்டு நடக்கேன்?" என்று அவள் கேட்க, அந்த நிலைமையிலும் பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் சிரித்துவிட்டோம். அப்பா ஊசி போடுகிறவர் என்பதால் அவரும் முடியாது. எபினுக்கு வயது பதினைந்து.

"சரி, கவலப்படாதீங்க. யாரோ குடுத்தது இருக்கு. அதப் போட்டுருவோம்" என்றார் அந்த மனிதர். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை வாழ்நாள் முழுக்க நினைப்பேன்.

மறுநாள் வார்டில் சிஸ்டர் மாத்திரை பற்றி விசாரித்தார். அஜிதா அக்கா சட்டென்று தன் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் போட்டுக் கட்டிய கட்டாக எடுத்து வைத்தாள். "ஒண்ணும் தவறல சிஸ்டர். நானாக்கும் குடுத்தது."

"எப்போ போடுவாங்க?"

"பத்து மணிச் சாயாக்கூட."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். சாயா அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது, முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது சாயா குடிக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். அஜிதா அக்கா அட்டைக் கட்டைப் பார்த்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.

"அக்கா சொல்லல சிஸ்டர். நான்தான் சொன்னேன்" என்றேன். விலங்கியல் படித்தவள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கட்டிலில் இருந்து அம்மா குரல் வந்தது. "ரெண்டு பேரும் எனக்க நன்மைக்குத்தானட்டி செஞ்சிய? இப்ப என்ன, எல்லாருமா போயி சாயாக்காரன்கூட சண்ட போடுவோமா?"

சாயா மட்டும் காரணமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். மாதாமாதம் அளவுக்கு மீறிப் போன ரத்தம், பத்து வருடமாக. அதையும் அம்மா யாரிடமும் சொன்னதில்லை. பெண்ணாகப் பிறந்தால் அப்படித்தான் என்று இருந்திருக்கிறாள். அதற்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள்.

இரண்டாவது பாக்கெட் ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"இது ஆருக்க ரத்தம் சிஸ்டர்?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா. எனக்கும் தெரியாது."

"ஆணா, பெண்ணான்னாவது?"

"தெரியாதும்மா."

அம்மா திரும்பவும் குழாயைப் பார்த்தாள். பிறகு, "குடுக்கதுக்கு முன்ன அது வல்லதும் தின்னிருக்குமா?" என்று கேட்டாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களிடம்தான் எடுப்போம் என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. "பேர் தெரிஞ்சா ஒரு ஜெபமாவது செய்யலாம்" என்றாள். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில், எங்கள் பெயர்களுக்கெல்லாம் பிறகு, "அந்த ரெண்டு பேரு" என்று ஒரு வரி சேர்ந்தது.

வீடு கொஞ்சம் மாறியது. மாத்திரை சாயங்காலம் நாலு மணிக்கு, எலுமிச்சைத் தண்ணீரோடு. ஆபீசில் அஜிதா அக்காவே பாட்டிலில் கலந்து கொண்டுவந்தாள். எபின் தண்ணீர் இறைத்தான். பால் வெட்டிவிட்டுத் திரும்பும் அப்பா குழம்பு வைக்கத் தொடங்கினார். முதல் ஒரு மாதம் எல்லாக் குழம்பும் ஒரே ருசி. அம்மா ஒவ்வொரு நாளும், "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டாள். அவள் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் வேலை செய்வதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். முதல் சில வாரம் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். நானும் மாத்திரை சாப்பிட்டேன். சிஸ்டர் என்னையும் விடவில்லை.

அம்மாவின் ரத்த அளவு மெல்ல ஏறியது: எட்டு, ஒன்பது புள்ளி நாலு, பத்து புள்ளி எட்டு. ஒருநாள் ஏற்றத்தில் அம்மா என்னைத் தாண்டிப் போய் மேலே நின்று, "என்னட்டி, நத்த மாதிரி வருதிய?" என்று கேட்டாள். நான் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியதால் அல்ல.

ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒரு வருடம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்கள் சபையின் வாலிபர் சங்கம் ரத்ததான முகாம் நடத்தியபோது ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே போய் வரிசையில் நின்றாள்.

"அம்மா, நீ என்னத்துக்கு?"

"வாங்கினத குடுக்கண்டாமா?"

"ஒங்கிட்ட யாரும் கேக்கலியே."

"கேக்க மாட்டாங்க. அவங்க ஆருன்னு எனக்குத் தெரியாது, நான் ஆருன்னு அவங்களுக்குத் தெரியாது. அதுக்காக குடுக்காம இருக்கதா?"

பன்னிரண்டரை வேண்டும். அவளுக்குப் பதினொன்று புள்ளி ஆறு. அன்று எனக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு இருந்தது. நான் படுத்துக் கொடுத்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்து, "ஒண்ணு குடுத்தாச்சும்மா, இனி ஒண்ணுதான்" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவிவிட்டாள். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "அது நீ குடுத்தது மக்ளே. ஒனக்க கொடை. நான் குடுக்க வேண்டியது ரெண்டும் அப்பிடியே கெடக்கு."

அதில் என்ன நியாயம் என்று நான் வாதாடிப் பார்த்தேன். படித்தவள் அல்லவா. கொஞ்ச தூரம் வாதாடிய பிறகுதான், அவள் நன்றியை நான் குறைத்துவிடப் பார்க்கிறேன் என்று பட்டது. நிறுத்திக்கொண்டேன்.

போன மாதம் இரண்டாவது முகாம். இந்தமுறை அஜிதா அக்காவும் கூட வந்திருந்தாள். "எக்கா, இவங்க எடுத்துட்டுப் போனா அதுல பாதி எலுமிச்சத் தண்ணியாக்கும் இருக்கும்" என்று வரிசையில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா காலையிலேயே நன்றாகச் சாப்பிட்டிருந்தாள். இடது கை, வலது கை எது வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு பக்கமும் ரவிக்கைக் கையைத் தளர்வாகத் தைத்துப் போட்டிருந்தாள்.

பன்னிரண்டு புள்ளி ஒன்று.

முகாமில் நின்ற பையன்களுக்கு அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த மாம்பழச் சாறும் பிஸ்கட்டும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். அம்மா அவற்றை மேசையில் திருப்பி வைத்தாள்.

"குடுத்தவங்களுக்கு உள்ளதுலா மக்கா. குடுக்காம குடிச்சா எறங்குமா?"

அடுத்த முகாம் எப்போது என்று கேட்டாள். ஆகஸ்டில் என்றார்கள். தலையாட்டிவிட்டு நடந்தாள். யாரென்று தெரியாத இரண்டு பேருக்கு அவள் திருப்பித் தர வேண்டிய இரண்டு பாக்கெட் ரத்தம் இன்னும் தரப்படாமலே இருக்கிறது.