நீர் மேடையில் இரண்டு டிகிரி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவளுடைய சக்கர நாற்காலியின் முன்சக்கரங்களில் சுற்றியிருந்த முடியை எடுத்தது. வியாழக்கிழமை மாலை. நாற்காலியின் முன்பக்கத்தை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தேன். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி டார்ச் அடித்தாள். நான் தரையில் படுத்து, அச்சில் இறுகியிருந்த முடி, நூல், காய்ந்த கோரைப்புல் எல்லாவற்றையும் இடுக்கியால் இழுத்து எடுத்தேன்.

"இவ்வளவு கொட்டியிருக்கா எனக்கு? இதை வச்சு ஒரு சவுரியே பின்னலாம்."

"வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ காட்டும்மா."

"காட்டறேன் இன்ஸ்பெக்டரம்மா. ஒரு சர்டிபிகேட்டும் எழுதி ஒட்டிடு. 'சக்கரம் சுத்துகிறது, கிழவி கத்துகிறாள்'னு."

நான் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதை வைத்து அவள் என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

இரண்டாவது சக்கரத்துக்கு வந்தபோது சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஏரிக் காவலர் தம்பிகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்."

எதை என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதமாக எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

சனிக்கிழமை காலை அம்மா இறந்துவிட்டாள்.

அம்மா முப்பத்தோரு வருடம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவள். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க, ம், விடுங்க." ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவளுக்கு அந்தத் தொனிதான். என் மதிப்பெண் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "எலும்பு நல்லாத்தான் இருக்கு, சதைதான் பத்தல" என்பாள். அப்பா நான் ஏழாவது படிக்கும்போது போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஐம்பத்தாறு வயதில் அவளுடைய முதுகுத்தண்டில் கட்டி வந்தது. மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே ஸ்கேன் படத்தை அவளே பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். அறுவை முடிந்தபின் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஒரு வருடம் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள், வேலையை விட்டபோது கூட வேலை செய்தவர்கள் பரிசாகக் கொடுத்து, பெட்டியோடு பரணில் கிடந்த கேமராவை எடுத்துத் தரச் சொன்னாள். "இத்தனை வருஷம் உள்ள இருக்கறதைப் படம் எடுத்தாச்சு. இனி வெளிய இருக்கறதை எடுக்கலாம்."

சக்கர நாற்காலியில் போய்க் காட்டுயிர்களைப் படம் எடுக்க எங்களுக்கு எட்டும் தூரத்தில் இரண்டே இடங்கள் இருந்தன. முதல் இடத்தில் ஒருவருடைய நாற்காலிச் சக்கரம் பலகை இடுக்கில் இறங்கிக் கால் முறிந்தது. பலகையை மாற்றுவார்கள் என்று நினைத்தோம். ஒரு மாதம் கழித்துப் போனபோது வாசலில் 'சக்கர நாற்காலிகளுக்கு அனுமதி இல்லை' என்று பெயின்ட் அடித்திருந்தார்கள். அம்மா அந்த அறிவிப்பையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மிச்சம் இருந்தது ஏரிச் சரணாலயம். கோரைப்புல்லுக்கு நடுவே அரைக் கிலோமீட்டர் மரப்பாதை. அதன் முடிவில், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீர் மேடை. பக்கங்களில் இரண்டு வரிசைக் கயிறு மட்டுமே என்பதால் உட்கார்ந்தபடியே தடையில்லாமல் படம் எடுக்கலாம். வாரா வாரம் ஞாயிறு போவோம். சரணாலயக் காவலர் அவளை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சிக்கல் ஒரு சத்தத்தில் ஆரம்பித்தது. அம்மாவுடையது மோட்டார் நாற்காலி. கைப்பிடியிலிருந்து விரலை எடுத்ததும் பிரேக் தானாக விழும். விழும்போது 'டக்' என்று கேட்கும். அந்த ஒரு டக்கில் மீன்கொத்தி, கொக்கு எல்லாம் பறந்துவிடும்.

"அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் குடுடி."

"பிரேக்ல கை வைக்க மாட்டேன்மா."

"ஊர் பிரேக்கை எல்லாம் கழட்டி மாட்டற. பெத்தவ வண்டின்னா மட்டும் முடியாதாக்கும்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். பேட்டரி தீர்ந்தால் கையால் தள்ளுவதற்கென்று நாற்காலியின் பின்னால், கீழே ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பினால் மோட்டார் விடுபடும், பிரேக்கும் போகும். காவலரிடம் "தம்பி, அதைக் கொஞ்சம் திருப்பி விடுங்க, கையால உருட்டிக்கறேன்" என்று சொல்லி இதைச் செய்திருக்கிறாள். சக்கரம் நகராமலிருக்க, லென்ஸைத் தாங்குவதற்கு வைத்திருந்த மணல் பையை அதன் முன்னால் போட்டுக்கொள்வாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிறு, காரிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மரப்பாதையில் வந்துகொண்டிருந்தேன். மேடைக்கு முப்பது அடி இருக்கும். அம்மா எனக்கு முதுகு காட்டி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கோரைக்குள்ளிருந்து மூன்று தலைகள் எழும்பின. நீர்நாய்கள். இரண்டு வருடமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். லென்ஸுக்குத் தாங்கல் வேண்டியிருந்தது. குனிந்தாள். சக்கரத்தின் முன்னாலிருந்த மணல் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

நாற்காலி நகர ஆரம்பித்தது.

சத்தமே இல்லை. வழுக்கிக்கொண்டு போவதுபோலப் போனது. அம்மாவுக்குத் தெரியவில்லை, கண் கேமராவில் இருந்தது. எனக்குக் கத்த வரவில்லை. லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டுப் பார்க்கிறவள் நான். கயிறு அறுந்தால் எத்தனை நொடியில் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்ததுதான் காலைப் பிடித்து வைத்தது. ஃபிளாஸ்க் விழுந்த சத்தத்தில்தான் ஓடவே ஆரம்பித்தேன்.

முன்சக்கரங்கள் விளிம்பைத் தாண்டி இறங்கின. நாற்காலியின் அடிச்சட்டம் பலகையில் மோதி நின்றது. நாற்காலி முன்னால் சாய்ந்தது. கீழ்க் கயிறு அவளுடைய நெஞ்சுக்கு வந்துவிட்டது. கீழே பாசி படர்ந்த தண்ணீர், ஆள் மூழ்கும் ஆழம். அவள் இடுப்பில் பட்டை கட்டியிருந்தாள். விழுந்தால் நாற்காலியோடுதான் விழுவாள்.

பின் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவளும் நாற்காலியும் சேர்ந்து நூற்று அறுபது கிலோ. காலால் நெம்புகோலைத் தேடி உதைத்தேன். 'டக்.' நீர்நாய்கள் மூழ்கின.

"அம்மா, ஆடாதே."

"ஆடல. அதை நான்தானே சொல்லணும். இப்ப என்ன பண்ண?"

"பவரை அணைச்சுத் திரும்பப் போடு. நான் பின்னாடி தொங்கறேன், முன்பக்கம் தூக்கும். தூக்கினதும் பின்னாடி எடு. மெதுவா."

என் முழு எடையையும் கைப்பிடிகளில் போட்டுத் தொங்கினேன். முன்பக்கம் ஒரு சாண் எழும்பியது. மோட்டார் முனகியது. பின்சக்கரங்கள் ஈரப் பலகையில் ஒரு தடவை வழுக்கின. அடுத்த தடவை பிடித்துக்கொண்டன. மேடைக்கு நடுவில் வந்து நின்றோம். நான் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

"படம் விழுந்திருக்கா பாரு" என்றாள் அம்மா. கேமராவை என் பக்கம் நீட்டினாள்.

பிறகு தொலைபேசியைப் பலகையில் வைத்துச் சாய்வை அளந்தேன். தண்ணீர்ப் பக்கமாக இரண்டு டிகிரி. மழைநீர் வடிவதற்காகக் கட்டியவர்கள் விட்ட சரிவு. நடக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. நூற்று அறுபது கிலோவுக்கு இரண்டு டிகிரி என்றால் ஐந்தரைக் கிலோ தள்ளுவிசை. உருட்டிவிட அது போதும். விளிம்பில் சக்கரத்தைத் தடுக்க ஒரு கட்டைகூட இல்லை.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "யார்கிட்டயும் மூச்சு விடாதே. சொன்னா சரி பண்ண மாட்டாங்க, பூட்டுவாங்க. அங்க நடந்ததைப் பார்த்தேல்ல? இதுவும் போச்சுன்னா எனக்குத் திரும்பவும் ஜன்னல்தான்."

நான் சரி என்றேன். இரண்டு டிகிரி சரிவில் தடுப்பில்லாத மேடையை என் வேலையில் பார்த்திருந்தால் அந்த நிமிடமே பூட்டி முத்திரை வைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு போன ஞாயிறுகளில் பிரேக்கை விடவில்லை. அவள் படம் எடுத்தாள். நான் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சு விடும்போதெல்லாம் பலகையைப் பார்த்தேன். அம்மாவின் படங்களில் நான்கைக் காவலர் டிக்கெட் அறையில் மாட்டி, 'சக்கர நாற்காலியிலிருந்து எடுத்தவை' என்று எழுதி வைத்தார். அதைப் பார்த்துப் புதிதாக நாற்காலிகள் வர ஆரம்பித்தன. கையால் தள்ளும் நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். விளிம்புக்குப் பக்கத்தில் சக்கரத்திலிருந்து கையை எடுத்து பைனாகுலரைத் தூக்கினார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய் அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவாயில்லம்மா, விடுங்க. பழக்கம்தான்" என்றார்.

நான் விடவில்லை.

அடுத்த வாரம் காவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். "எக்ஸ்ரேக்கா, மறுவாழ்வு இல்லத்துல இருந்து எட்டு பேர் சக்கர வண்டில வர்றாங்க. நீங்கதான் முன்ன நின்னு காட்டணும்." அம்மா சந்தோஷமாகப் பேசிவிட்டு வைத்தாள். அன்று சாப்பிடவில்லை. மூன்று நாள் கழித்து, முன்சக்கரத்து முடியை எடுக்கும்போதுதான், காவலரிடம் சொல்லிவிடலாம் என்ற அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"பூட்டிட்டாங்கன்னா?" என்று நான் கேட்டேன்.

"சும்மா போய்ச் சொன்னா பூட்டுவாங்க. வழியையும் கையில கொண்டுபோய்க் குடுப்போம். நீ வரைஞ்சு குடு. விளிம்புல ஒரு கட்டை, அவ்வளவுதானே? பத்து சென்டிமீட்டர் உயரம் போதுமா?"

"போதும். ஆறு போல்ட்."

"அப்புறம் என்ன. சொல்றது நான் சொல்றேன். நடந்தது எனக்கு. நீ வாயைத் திறக்காதே, உன் வேலைக்கு ஆகாது."

வெள்ளிக்கிழமை வரைந்து கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். சனிக்கிழமை காலை காபியோடு போனபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் அடைத்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு மாதமாக நான் தண்ணீரைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தேன். அவளுடைய கால்களைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காவலர் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் காலியாக நின்ற நாற்காலியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன், உங்ககிட்ட ஒண்ணு பேசணும்னு அக்கா வெள்ளிக்கிழமை போன்ல சொன்னாங்க. என்ன விஷயம்னு உங்களுக்குத் தெரியுமா?"

வரைபடம் அவர் தோளுக்குப் பின்னால், மேஜைமேல் இருந்தது.

"தெரியலண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். அவள் வாயைத் திறக்காதே என்று சொன்னதாலா, இரண்டு மாதம் மறைத்தவள் என்று என் பெயர் வெளியே வந்துவிடும் என்பதாலா. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

எழுந்து போகும்போது அவர் சொன்னார்: "அந்த எட்டு வண்டி வர்றதை நிறுத்தல. அக்கா நினைவா நடத்தறோம். எல்லாரையும் நீர் மேடைக்கே கூட்டிட்டுப் போகப் போறேன். அக்காவுக்குப் பிடிச்ச இடமாச்சே."

அம்மா செய்யாமல் விட்டுப்போன வேலை இது ஒன்றுதான். நீர் மேடை தண்ணீர்ப் பக்கமாகச் சரிந்திருக்கிறது, விளிம்பில் தடுப்பு இல்லை, அங்கே ஒரு நாற்காலி ஏற்கெனவே விழப் பார்த்தது, அதைப் பார்த்த ஒருத்தி இருக்கிறாள் என்று காவலரிடம் சொல்ல வேண்டும். கட்டை அறுத்து போல்ட் போட அரை நாள் ஆகும். இன்று வெள்ளிக்கிழமை. அவர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறார்கள்.