களம்பூர்ச் சுவரும் ஐஸ் ஹாக்கியும்

உட்கார்ந்தபடி ஆடும் ஐஸ் ஹாக்கி ஒன்று இருப்பதை போனில்தான் முதலில் பார்த்தேன். என்னைப் போல் நடக்க முடியாதவர்கள் சறுக்குப் பலகையில் அமர்ந்து, இரண்டு கையிலும் குட்டை மட்டையோடு, ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ‘ஐயோ பாவம்’ என்று பார்க்கவில்லை. அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆரணியில் ஐஸ் என்றால் ஜூஸ் கடையில்தான். பட்டுப்புடவைக் கடையில் போனில் ஆர்டர் எடுக்கும் வேலை முடிந்ததும் சைடு வீல் ஸ்கூட்டரில் களம்பூருக்குப் போவேன். அங்கே ஒரு ரைஸ் மில்லில், நெல் காயப்போடாத நாளில் சிமெண்ட் களம் காலியாக இருக்கும். பலகைக்கு அடியில் பேரிங் மாட்டி உருண்டு, பந்தைச் சுவரில் அடித்து, திரும்பி வருவதைப் பிடிப்பேன். மழைநீர் வடியக் களத்தை நடுவில் மேடாகக் கட்டியிருந்ததால் பந்து எனக்குப் போக்குக் காட்டிக்கொண்டே இருக்கும்.

மில் வாட்ச்மேன் சிரிப்பார். “இன்னாம்மா, ஐஸ் ஆட்டம்னு சொல்லிகினு சிமெண்ட்டுல தேய்ச்சிகினு கீற? கூட ஆட ஆளே கெடைக்கலியா?”

“கெடைச்சா இங்க ஏன் வரேன்?” என்று எரிந்து விழுவேன். கூப்பிட்டுப் பார்க்காமலா இருந்தேன்? எல்லோரும் சிரித்தே மழுப்பிவிட்டார்கள்.

நான் ஆடுவதை வீடியோ எடுத்து அந்த ஆட்டத்தின் சங்கத்துக்கு அனுப்பினேன். வடக்கே ஒரு தேர்வு முகாமுக்கு அழைத்தார்கள். நன்றாக ஆடினால் அணியில் இடம். எனக்கு அந்த இடம் வேண்டும், வெறியாக வேண்டும்.

முதல் ஆட்டத்தில் எதிரே வந்தவளை ஏமாற்ற, பந்துக்குப் பதில் ஐஸில் ஆடும் ரப்பர் வட்டைப் பக்கச் சுவரில் அடித்து நானே திரும்ப எடுத்தேன். கைதட்டினார்கள். மறுபடியும் அப்படியே செய்தேன். அதற்கப்புறமும் அப்படியே. கைதட்டல் நின்றுவிட்டது.

என் பக்கம் ஆடிய சென்னைப் பெண் அருகில் வந்தாள். “அக்கா, நாங்கல்லாம் சும்மாவா உக்காந்துகினு கீறோம்? எங்களுக்கும் குடுங்களேன்.”

அப்போதுதான் அவள் முகத்தையே பார்த்தேன். அதுவரை என் கண் சுவரைத்தான் தேடியிருக்கிறது.

கடைசி ஆட்டத்தில் “அக்கா, இங்க!” என்று கத்தினாள். குரல் வந்த பக்கம் அடித்தேன். ஆளுக்கு அனுப்பிப் பழகாத கை. வட்டு அவளைத் தாண்டி எதிரணியிடம் போய்ச் சேர்ந்தது. அவள் திட்டவில்லை. அடுத்த முறையும் “இங்க!” என்றாள். அதையும் கோட்டை விட்டேன்.

அணியில் எனக்கு இடமில்லை என்றார்கள். தலையாட்டிவிட்டு மூட்டையைக் கட்டினேன். ரயிலில் நன்றாகத் தூங்கினேன்கூட. வேலூரில் ஆரணி பஸ் ஏறி உட்கார்ந்தபோதுதான், இனி என்னைப் பார்த்து ‘இங்க’ என்று கத்த யாரும் இல்லை என்பது உறைத்தது. கண்ணமங்கலம் தாண்டியும் அழுதுகொண்டிருந்தேன்.