கழுத்தில்லாத பேரிக்காய்

அவளுக்குக் கழுத்தக்கா என்று பெயர் வந்ததற்கும் அவளுடைய கழுத்துக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், கம்பளித் துண்டை அவிழ்த்தால்தான் அவளுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியும். பழக் குளிர்கிடங்கில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, "பேரிக்காயை வயித்துல அமுக்காதே, கழுத்துல அமுக்கு" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர் அது. பேரிக்காய் உள்ளேயிருந்து வெளியே பழுக்கிற சாதி. வயிறு மெத்தென்று ஆகட்டும் என்று காத்திருந்தால் நடுவில் அழுகல் தொடங்கியிருக்கும். காம்புக்குக் கீழே, குறுகிய கழுத்தில், கட்டைவிரல் லேசாக இறங்கினால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

கிடங்கின் பின்பக்கம், கனத்த பிளாஸ்டிக் திரைக்கு அப்பால், அவளுடைய பழுக்கவைக்கும் அறை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே அவள் கம்பளிச் சட்டையோடுதான் இருப்பாள். காலையில் நுழைந்தால் சாயங்காலம்வரை பேச்சுத்துணைக்குக் குளிர் இயந்திரத்தின் உறுமல்தான். ஆகவே காய்களோடு பேசுவாள். "என்ன, இன்னும் மனசு வரலையா?" என்று பச்சை அஞ்சூ ரகத்தைக் கேட்பாள். பழுத்தாலும் நிறம் மாறாத அந்தக் காய், அமுக்கினால்தான் தெரிகிற அமுக்குணி. பார்ட்லெட் அப்படியில்லை, மஞ்சளாகித் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். ஐரோப்பாவில் அதற்கு வில்லியம்ஸ் என்று பெயர். மரம் கடல் தாண்டி அமெரிக்கா போன இடத்தில் தோட்டத்தை வாங்கிய மனிதருக்கு அந்தப் பெயர் தெரியாததால், பார்ட்லெட் என்ற அவர் பெயரே அதற்கு வந்துவிட்டது. "பேரு தெரியாத பேரிக்காய்க்கு வாங்கினவன் பேரு" என்று சொல்லிச் சிரிப்பாள், கேட்க யாராவது இருந்தால். பழுப்புத் தோல் பாஸ்க் ரகத்தைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்தாலும் உருக்குலையாது. சின்னச் சின்னக் காயாக ஒரு சாதி உண்டு; வாயில் வைத்தால் நாக்கு சுருண்டுவிடும். அதையே பிழிந்து புளிக்கவைத்தால் குடிக்க ஆள் வரிசையில் நிற்கும். "உதவாத காய்னு உலகத்துல எதுவும் இல்ல" என்பது அவள் கட்சி.

வேலை முடிந்து வீடு திரும்பினால் அந்தப் பேச்சும் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. பிள்ளை குட்டி கிடையாது. தையற்கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஓர் அறையில் தூங்குவாள், இன்னொன்றைப் பெருக்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே தையல் இயந்திரமும் ஓடாது. அன்றைக்கு மட்டும் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள், பரிதாபம் அவளுக்கு ஆகாது.

உடன்பிறந்தவள் ஒரே ஒருத்தி, தங்கை. அரைநாள் பேருந்துப் பயணத்தில் வேறு ஊரில் வாடகை வீட்டில் இருந்தாள். அவளும் இப்போது தனியாள்தான். கணவர் போன ஆண்டு தவறிவிட்டார். முன்பு ஒருமுறை அவள் கிடங்குக்கு வந்தபோது, கல் மாதிரி இருந்த காயைக் கடித்துத் தூவென்று துப்பினாள். "அவசரக்குடுக்கை! கனியறதுக்குள்ள என்னடி பறக்கற?" என்று எல்லோர் முன்னாலும் அக்கா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அதிலிருந்து தங்கை பாடம் படித்துக்கொண்டாள். பருவந்தோறும் அக்கா ஒரு பெட்டி நீளக்கழுத்துக் காய் அனுப்புவாள். தங்கை அலமாரியில் அடுக்கிப் பொறுமையாகக் காத்திருந்து, "கழுத்து இளகிடுச்சுக்கா" என்று கூப்பிடுவாள். அப்படியே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார்கள். கழுத்தக்காவுக்கு அந்த அழைப்புதான் திருவிழா.

இந்தமுறை அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது. 'வந்து என்கூட இருந்துடு.' அவ்வளவுதான் வாக்கியம். தங்கை வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லியிருந்தார். கேட்பதற்கு இதைவிடத் தோதான நேரம் வராது. ஆனால் மூத்தவளாகப் பிறந்து இத்தனை வருஷம் அதட்டியே பழகிய வாய்க்குக் கெஞ்ச வரவில்லை. தங்கை மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. பெட்டிகளுக்கு நடுவே நின்று சொல்லிப் பார்த்தாள். பெட்டிகளிடம் நன்றாகத்தான் வந்தது.

அந்த வாரம் கிடங்கில் உருண்டைப் பேரிக்காய் இறங்கியிருந்தது. சீனா, ஜப்பான் பக்கத்துப் பூர்வீகம். ஆப்பிள் மாதிரி உருண்டை, பொன்பழுப்புத் தோல், கடித்தால் மொறுமொறுவென்று தண்ணீராய் இனிக்கும். மற்ற பேரிக்காய் பறித்த பிறகு கனியும். இது மரத்திலேயே கனிந்துவிட்டு வரும். பறித்த அன்றே தின்னலாம். தங்கை இதைப் பார்த்ததே இல்லை. முதல் சரக்கில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி, ஒரு பெட்டி அனுப்பிவிட்டு ஃபோன் போட்டாள்.

"புதுசா ஒண்ணு அனுப்பியிருக்கேன்டி. கனிஞ்சதும் கூப்பிடு. ஒரு முக்கியமான விஷயம் பேசணும்."

"என்ன விஷயம்க்கா? இப்பவே சொல்லேன்."

"உன் அவசரம் உன்னை விட்டுப் போகாதே! கனியட்டும், சொல்றேன்."

கனிந்ததும் கூப்பிடு. இத்தனை வருஷம் சொன்ன வார்த்தை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பெட்டிக்குள் இருப்பதற்கு அந்த வார்த்தை பொருந்தாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெட்டி சேர்ந்த நாளில் அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. 'தின்னுட்டு வாயத் துடைச்சுக்கிட்டா. முக்கியமான விஷயம்னு சொன்னேன், என்னன்னு கேக்கக்கூடத் தோணலை பாரு' என்று கழுத்தக்கா பொருமினாள். ஃபோனை எடுப்பாள், வைப்பாள். அவளுடைய முகத்தைப் பார்த்த, கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர் விசாரித்துவிட்டு, "நீங்களே கூப்பிட்டா என்னக்கா? தலையில இருக்கற கிரீடம் இறங்கிடுமா?" என்றார்.

"கனிஞ்சதும் கூப்பிடுன்னு சொல்லியிருக்கேன். அவதான் கூப்பிடணும்" என்று சொல்லித் திரைக்குள் போய்விட்டாள்.

கிடங்கில் உருண்டைக் காயின் வரத்தே முடிந்துபோனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் இருப்புக்கொள்ளாமல், மறுநாளுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு விடிந்ததும் பேருந்து ஏறினாள். 'கௌரவமாவது மண்ணாவது, நேரா போய்க் கேட்டுடறேன்' என்று வழியெல்லாம் வாக்கியத்தை உருப்போட்டாள்.

தங்கை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் சாமான்களை மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. "அக்கா! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறியே!" என்று தங்கை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் மேடையில் பழைய செய்தித்தாளின் மேல் உருண்டைப் பேரிக்காய்கள் இடைவெளி விட்டு அடுக்கியிருந்தன. தோல் சுருங்கியிருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"தெனமும் பாக்கறேன்க்கா, கனியவே மாட்டேங்குது. அமுக்கலாம்னா கழுத்தையே காணோம். காம்புகிட்ட அமுக்கினேன், கல்லு மாதிரி இருக்கு. உன்னைக் கூப்பிட்டுக் கேக்கலாமான்னு பாத்தேன். திட்டுவியேன்னு விட்டுட்டேன்."

கழுத்தக்கா ஒரு காயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே முழுக்கதையும் புரிந்துவிட்டது. தான் அங்கே காத்திருக்க, தங்கை இங்கே காத்திருந்திருக்கிறாள்.

"மூட்டையெல்லாம் எதுக்குடி?" என்றாள்.

"நாத்தனார் வீட்டுக்குப் போறேன்க்கா. விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு அவங்களுக்கு. பாத்துக்க ஆளில்ல, நீதான் வரணும்னு அழறாங்க. போன வாரம்தான் சரின்னு வாக்கு குடுத்தேன்." தங்கை புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெட்கமாகச் சிரித்தாள். "உண்மையைச் சொல்லட்டுமா? நீ என்னை உன்கூட வந்து இருக்கச் சொல்லப் போறேன்னு நெனச்சேன். முக்கியமான விஷயம்னியே. நானா ஏதோ நெனச்சுக்கிட்டேன். சரி, என்னக்கா விஷயம் அது?"

உருப்போட்ட வாக்கியம் தொண்டைவரை வந்தது. அங்கே ஒருத்தி படுக்கையில் தங்கையை நம்பிக் கிடக்கிறாள். இவளும் வாக்குக் கொடுத்த வாயை மாற்றுகிறவள் இல்லை. இப்போது சொன்னால் இவள் வரப்போவதும் இல்லை, போகிற இடத்தில் நிம்மதியாக இருக்கப்போவதும் இல்லை.

"ஒண்ணுமில்லடி. வேலைய விட்டுடலாமான்னு உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன். இப்ப விடறதா இல்ல."

"அப்ப இந்தக் காயி?"

வாழ்நாளில் எந்தப் பேரிக்காயையும் அவள் பழித்ததில்லை. "மட்டமான சாதி. எத்தனை நாள் வெச்சாலும் கனியாது. நான்தான் பாக்காம அனுப்பிட்டேன்" என்றாள்.

"அப்பாடா! எம்மேலதான் ஏதோ தப்புன்னு நெனச்சேன்" என்று தங்கை காய்களை எல்லாம் காகிதத்தோடு சுருட்டிக் குப்பைப் பையில் போட்டாள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் மூட்டைகளை ஏற்றினார். கட்டில் மட்டும் பாக்கி. "அக்கா, அந்தத் தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் பிடி" என்றாள் தங்கை. இருவருமாகத் தூக்கினார்கள். கதவில் இடிக்காமல் அதைச் சாய்த்து வெளியே கொண்டுபோனபோது, தன் வீட்டில் பெருக்கி மட்டுமே வைத்திருந்த அந்த அறையில் இந்தக் கட்டிலை எந்தச் சுவரோரம் போட்டிருக்கலாம் என்று அவள் மனம் அளந்துகொண்டிருந்தது.

"மெதுவா, அவசரப்படாம பாத்து ஏத்துங்க" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, வண்டி தெருவைத் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.